தராசுக்கு வராத மீன்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே கெய்ன்ஸ் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து வாடகைக்குக் கடலுக்குப் போகும் விளையாட்டு மீன்பிடிப் படகு ஒன்றுக்கு நான் கேப்டன். பல வருஷம் பின்தளத்தில் நின்று இரை கட்டி, தூண்டில் நரம்பு பிடித்து, அதற்கப்புறம்தான் சுக்கானுக்கு வந்தேன். இன்றைக்கு நான் பேச வந்தது கருப்பு மார்லினைப் பற்றி. நம் கடற்கரை மீனவர்கள் கொப்பரன் என்பார்களே, அந்தக் குடும்பம். மேல்தாடை கூர்மையாக நீண்டு, முதுகு கருநீலமாக, வயிறு வெள்ளியாக இருக்கும் மீன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு நடுவில் இதை மறுபடி மறுபடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கருப்பு மார்லினில் ஆண் மீன் 200 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். 400 கிலோ, 500 கிலோ என்று நீங்கள் கேள்விப்படும் மீன்கள் எல்லாம் பெண். அந்தப் பெண் மீன்கள் கெய்ன்ஸ் பக்கம் வருவது எதற்கு? இனப்பெருக்கத்துக்கு. எங்கள் பருவம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. அக்டோபரும் நவம்பரும் உச்சம். மீன்கள் முட்டையிடக் கூடுகிற மாதங்களும் அவையேதான். ஆக, நாங்கள் தேடிப்போகும் பெரிய மீன் ஒவ்வொன்றும் ஒரு தாய்.

அந்த மூன்று மாதமும் வீட்டுக்கு வருவது அபூர்வம். கிரேட் பேரியர் ரீஃப் என்கிற பெரும் பவளத்திட்டின் வெளி விளிம்பில், ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட ரிப்பன் பாறைகள் வரிசையாக இருக்கின்றன. வடக்கே லிசார்ட் தீவு வரை அந்த விளிம்பை ஒட்டியே ஏறி இறங்குவோம். இரவில் பாறைக்கு உள்பக்கம், அலை அடங்கிய இடத்தில் நங்கூரம். விருந்தினர் தூங்கவும் சாப்பிடவும் பெரிய தாய்க்கப்பல் ஒன்று கூடவே இருக்கும். பாறைக்கு வெளியே கொஞ்ச தூரம் போனாலே கடல் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மார்லின் நடமாடுவது அந்தச் சரிவின் ஓரத்தில்தான். பருவத்தின் தொடக்கத்தில் தென்கிழக்குக் காற்று படகைப் புரட்டி எடுக்கும். நவம்பரில் கொஞ்சம் தணியும்.

காலைப்பொழுது இரை பிடிப்பதற்கே போய்விடும். சின்ன சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்கள். எங்கள் இரையே, வேறு ஊரில் ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடும் அளவு பெரிய மீன். அதைத் தைப்பது தனிக் கலை. ஒன்று நீர்மட்டத்தில் துள்ளிக்கொண்டே வர வேண்டும், இன்னொன்று கொஞ்சம் தாழ்ந்து நீந்துவதுபோல வர வேண்டும். தையல் ஒரு விரல் அகலம் கோணினாலும் இரை சுழன்று நூலை முறுக்கிவிடும். மதியத்துக்கு மேல் படகின் இருபக்கமும் நீண்ட கழிகளை விரித்து, இந்த இரைகளைப் பின்னால் இழுத்தபடி மெதுவாக ஓட்டுவோம். சில நாள் சூரியன் இறங்கும்வரை ஒன்றுமே நடக்காது.

இந்த இடத்தின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. 1960-களின் தொடக்கத்தில் கெய்ன்ஸ் மீனவர்கள், தங்கள் நூலை அறுத்துக்கொண்டு போகும் ராட்சத மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பெரும்பாலானோர் கரைக்கதை என்றே விட்டுவிட்டார்கள். ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் விடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தப் பக்கத்தைப் பார்த்தவர், பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்து 'சீ பேபி' என்று ஒரு படகைத் தயார் செய்தார். 1966 செப்டம்பரில் அந்தப் படகில் ரிச்சர்ட் ஓபாக் பிடித்த கருப்பு மார்லின் 1,064 பவுண்டு, ஏறக்குறைய 480 கிலோ. அந்த ஒரு மீன் கெய்ன்ஸை மாற்றிவிட்டது. உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் வருஷாவருஷம் வந்து எங்கள் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்.

அந்தக் காலத்தில் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, எடை பார்த்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உலக சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939-இல் தொடங்கியது. எடையில் சாதனை வேண்டுமென்றால் தராசில் ஏற்றியாக வேண்டும். பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் 1953-இல் ஆல்ஃபிரட் கிளாசல் பிடித்த 1,560 பவுண்டு கருப்பு மார்லின்தான் இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படகருகே வந்த மீன். அந்த நேரத்தையும் மறந்துவிடாதீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

பெரிய மீனோடு பத்து மணி நேரம் போராடினேன் என்று யாராவது சொன்னால் கேட்பவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு நெஞ்சு பதறும். போராட்டம் நீள நீள மீனின் உடலில் களைப்பின் அமிலம் ஏறுகிறது. கடைசியில் ஆழத்தில் இறங்கி, அங்கேயே செத்து, நூலில் பாரமாகத் தொங்கும். அதை மேலே கொண்டுவர இன்னும் பல மணி நேரம். அதில் யாருக்கு என்ன பெருமை?

எங்கள் படகுக்கு வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒல்லியான உடம்பு. கூட வந்தவர்கள் எல்லாம் வாட்டசாட்டமான ஆண்கள். "இந்த அம்மா எப்படிச் சமாளிப்பார்கள்?" என்று அவர்களுக்குக் கவலை. முதல் நாள் மாலையே அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பழக்கினோம். அந்த நாற்காலி எந்தத் திசைக்கும் சுழலும், முன்னால் கால் மிதிக்கப் பலகை உண்டு. இடுப்பில் கட்டும் வார் நேரே ரீலில் மாட்டியிருக்கும். கையால் இழுக்கவே கூடாது. காலை உதைத்துப் பின்னால் சாய வேண்டும், முன்னால் வரும்போது மட்டும் ரீலைச் சுற்ற வேண்டும். அந்த அம்மா சொன்னதை அப்படியே செய்தார். ஆண்கள் கையால் இழுத்துப் பார்த்துத் தோள் வலி என்றார்கள்.

மறுநாள் பின்னேரம் நீரில் மங்கலாக ஒரு நிழல். இரைக்குப் பின்னால் வந்து, உடலெங்கும் நீலம் ஒளிர்ந்தது. உற்சாகம் வந்தால் மார்லின் நிறம் அப்படித்தான் மாறும். அடித்தது. நூல் ஓடத் தொடங்கியது. பட்டம் விடும்போது நூலை விரலிடுக்கில் அழுத்தியும் அழுத்தாமலும் வழுக்க விடுவீர்களே, ரீலுக்குள் இருக்கும் பிடியும் அதே வேலைதான், 20 கிலோவுக்கு மேலான இறுக்கத்தில். அறுபது கிலோ தாங்கும் நூல் என்பதால் அவ்வளவு தைரியம். மீன் வானத்தில் எழும்பி விழுந்தது, மறுபடி எழும்பியது. நான் இரண்டு இன்ஜினையும் பின்னோக்கிப் போட்டு மீனைத் துரத்தினேன். பின்பக்கச் சுவரைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, அந்த அம்மா தொப்பலாக நனைந்தும் சுற்றுவதை நிறுத்தவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பையன் நாற்காலியைத் திருப்பி, தூண்டில் கழி எப்போதும் மீனை நோக்கியே இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

மீனை அலுக்கவைப்பது தூண்டில்காரரின் கை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மீன் நெருங்கி வருவது படகு ஓட்டுவதால். நூல் குறைவாக வெளியே இருந்தால் போராட்டம் குறையும், போராட்டம் குறைந்தால் தாய் பிழைக்கும். அதற்காகத்தான் என் கேப்டன் வேலையே என்று நான் நினைக்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்குள் மீன் அருகே வந்துவிட்டது. நூலின் முனையில் இருக்கும் தடித்த நரம்பைக் கையுறையோடு சுற்றிப் பிடிப்பவர் ஒருவர் இருப்பார். படகிலேயே ஆபத்தான வேலை அது. பிடித்த சுற்று கையிலிருந்து நழுவாமல் மாட்டிக்கொண்டால் ஆளையே இழுத்துப் போகும். மீனைத் தூக்கி ஒரு படம் எடுக்கலாமே என்று கூட வந்தவர்களில் ஒருவர் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த அந்த எடையை வெளியே எடுத்தால், அதன் சொந்த பாரமே உள்ளுறுப்புகளை நசுக்கும். முதுகுப் பக்கத்தில் அடையாளச் சீட்டைக் குத்தி, தாடை ஓரத்தில் மாட்டியிருந்த வட்ட முள்ளைக் கழற்றி, படகை மெதுவாக முன்னே ஓட்டி, வாய்வழியே நீர் போய்ச் செவுளில் பாயும்வரை பிடித்துக்கொண்டோம். தெம்பு வந்ததும் வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது. வட்ட முள் வயிற்றில் இறங்காமல் தாடையில் மாட்டும், அதனால்தான் எங்கள் படகில் அதை விட்டு வேறு முள் கிடையாது.

எடை? நீளமும் சுற்றளவும் அங்குலத்தில் தெரிந்தால், சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்துப் பவுண்டில் மதிப்பிடலாம். உயிரோடு விடுகிற மீனுக்கு அந்த மதிப்பீடு போதும்.

சீட்டு என்றேனே. நியூ சவுத் வேல்ஸ் மீன்வளத் துறை 1973-இல் தொடங்கிய திட்டம் அது. தூண்டில்காரர்களே மீனுக்குச் சீட்டுக் குத்தித் திரும்பக் கடலில் விடுகிறார்கள். அந்த மீன்களில் சில பசிபிக்கின் நடுவில் திரும்பச் சிக்கின, சில பிந்தைய வருஷங்களில் அதே பாறை ஓரத்துக்கே வந்தன. 1998 முதல் ஆஸ்திரேலிய மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள வணிக மீன்பிடியில் கருப்பு மார்லினையும் நீல மார்லினையும் வைத்துக்கொள்ளத் தடை. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்கள் பருவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். குட்டி மார்லின்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: குளிர்மாதங்களில் டவுன்ஸ்வில்லுக்குத் தெற்கே கேப் பவுலிங் கிரீன் பக்கம், கரைக்கு அருகிலேயே சின்னக் கருப்பு மார்லின்கள் கூடும். மெல்லிய நூல் போதும். முதல்முறை வருபவர்கள் அங்கே தொடங்குங்கள். போகும்போது படகுக்காரரிடம் வட்ட முள்தானா, மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுவிப்பீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நன்றி, வணக்கம்.