கை தேடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். வீட்டை அடுக்குவது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அதுவும் அவருக்குப் பார்வை குறைந்த பிறகு.

அம்மாவுக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய். பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும். நேரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். அந்த நிலையில்தான் என் வீட்டுக்கு வந்தார். அவருக்காக ஓர் அலமாரியைக் காலி செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கினேன். எல்லாம் ஒரே அளவு டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் மூடி, ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் பெயர். பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

அம்மா பக்கத்தில் வந்து தடவிப் பார்த்தார். ஒரு டப்பா, அடுத்த டப்பா, அதற்கடுத்தது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. உன் கண்ணுக்கு அடுக்கியிருக்கே. என் கை எங்கே போகும்னு பார்த்தியா?" என்று கேட்டார்.

அன்று மாலை நாங்கள் அதைக் கலைத்தோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கை தானாகப் போய் விழுந்த இடத்தில் கண்ணாடிக் கூட்டை வைத்தேன். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி மாத்திரை டப்பா. அதற்கும் வலப்பக்கம் சீப்பு. இப்படி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தபோது, நடுவில் பழைய வெற்றுப் பாட்டில்களும் ஒரு பீங்கான் பொம்மையும் கையில் இடித்தன. "இதெல்லாம் என் கையை மறிக்குது, எடுத்துடு" என்றார். அவ்வளவுதான். எது வேண்டும், எது வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கை நான் இன்றுவரை கேட்டதில்லை.

நம் மொழியில் அடைசல் என்று ஒரு சொல் இருக்கிறது. வீடு ஒரே அடைசலாக இருக்கிறது என்கிறோம். அழுக்கு வேறு, அடைசல் வேறு. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடும் அடைசலாக இருக்கலாம். வழியை அடைப்பதுதான் அடைசல். கால் போகும் வழி, கை போகும் வழி, கண் போகும் வழி.

அந்த மூன்றாவது வழி அடைபடும்போது மனசு என்ன பாடு படுகிறது என்பதை ஓர் ஆய்வு காட்டியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2001 முதல் 2005 வரை 32 குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய் அவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள். ஒவ்வொருவர் கையிலும் கேமராவைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சில் வந்த சொற்களை எண்ணினார்கள். அதோடு அவர்களின் உமிழ்நீரை நாளில் பல தடவை எடுத்துக் கார்ட்டிசால் அளவையும் பார்த்தார்கள். நெருக்கடி நேரத்தில் உடம்பில் ஊறும் சுரப்பு அது. இயல்பாகக் காலையில் கூடியிருந்து, பொழுது சாயச் சாயக் குறைய வேண்டும். தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசல் என்றும், முடிக்காத வேலை என்றும் அதிகம் சொன்ன பெண்களுக்கு அது குறைய வேண்டியபடி குறையவில்லை. 2010இல் இது வெளியானது. அடைசல்தான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் வேலை முடிந்து கதவைத் திறந்ததுமே களைப்பு கூடுவதை உணர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அந்த ஆய்வில் ஆண்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்ற பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்திய வீட்டில், அவர் கண்ணுக்கு மட்டும்தான் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையாகத் தெரிகிறது. ஆகவே தயவுசெய்து இதை வீட்டில் ஒருவர் வேலையாக விட்டுவிடாதீர்கள்.

சரி, தேவையில்லை என்று தெரிந்தும் ஏன் கழிக்க முடிவதில்லை? சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் தப்பே இல்லை. பொருள் அரிதாகக் கிடைத்த காலத்தில் அந்த எண்ணம்தான் குடும்பங்களைக் காப்பாற்றியது. இன்றைக்குத் துரும்பு ஒன்றல்ல, மூட்டை மூட்டையாக வந்து சேர்கிறது. எண்ணம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த டேனியல் கானெமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட மூன்று பேர் 1990இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு குவளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு, குவளை வைத்திருப்பவர்களிடம் எவ்வளவுக்கு விற்பீர்கள் என்றும், இல்லாதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் 'என்னுடையது' என்று ஆனதும் மதிப்பு ஏறிவிட்டது. சில நிமிடத்துக்கே இப்படி என்றால், பத்து வருடம் நம் பீரோவில் இருந்த சட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால், 'இதைத் தூக்கிப் போடலாமா' என்று கேட்காதீர்கள். 'இது என்னிடம் இல்லை, இன்றைக்கு இதைக் காசு கொடுத்து வாங்குவேனா' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி மாறினால் பதில் சட்டென்று வரும்.

எங்கே ஆரம்பிப்பது? ஒரே ஓர் இழுப்பறையில். முழு வீட்டையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போடுகிறவர்கள், பாதியில் களைத்துப்போய், எல்லாவற்றையும் வாரி மறுபடி உள்ளே திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்திலோ, மேசையிலோ, எல்லாரும் எதையாவது போட்டு வைக்கிற ஓர் இழுப்பறை எந்த வீட்டிலும் இருக்கும். அதை வெளியே உருவித் தரையில் ஒரு துணியின் மேல் கொட்டுங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் கொட்டியதில் வந்தவை இவை: எந்தப் பூட்டுக்கும் சேராத ஐந்து சாவிகள், எழுதாத பேனாக்கள், எந்தக் கருவியுடையது என்றே தெரியாத மூன்று சார்ஜர்கள், எழுத்தெல்லாம் வெளுத்துப்போன ரசீதுகள், ஒரு ஒற்றைத் திருகாணி, நான்கு நாள் தேடியும் கிடைக்காமல் புதிதாக ஒன்று வாங்க வைத்த பழைய கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோல் அடியில் கிடந்தது. மேலே கிடந்த எதையும் ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. தொடாதவை மேலே கிடந்து, வேண்டியதை மறைத்துக்கொண்டிருந்தன.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் ஒரு தவறு, பெட்டி வாங்கப் போவது. வேண்டாம். முதலில் கழியுங்கள், அப்புறம் அடுக்குங்கள், பெட்டி தேவையா என்பதைக் கடைசியில் பாருங்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிரபலமான, 'எஸ்' எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள் கொண்ட ஐந்து எஸ் முறையிலும் வரிசை இதுதான். முதல் படி செய்ரி, அதாவது வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. அடுத்த படிதான் செய்டோன், ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது. இந்த முறையில் இயங்கும் பட்டறைகளில் சுவர்ப் பலகையில் சுத்தியல், திருப்புளி ஒவ்வொன்றின் உருவத்தையும் கோடு போட்டு வைத்திருப்பார்கள். பலகையில் ஓர் உருவம் வெறுமையாக இருந்தால், எது திரும்பி வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

திரும்பி வருவது என்றேனே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு பொருளை எடுக்கும்போது நமக்கு அது வேண்டும். அதனால் நாற்காலி போட்டு ஏறியாவது எடுத்துவிடுவோம். திரும்ப வைக்கும்போது வேலை முடிந்துவிட்டது, நமக்கு அவசரமில்லை, உடம்பும் ஓய்ந்திருக்கிறது. பெட்டியை இழுத்து, மேலே இருக்கும் இன்னொரு பெட்டியை நகர்த்தி, மூடியைத் திறந்து, உள்ளே வைத்து, மறுபடி மூட வேண்டும் என்றால் அந்தப் பொருள் மேசையிலேயே தங்கிவிடும். ஒன்று தங்கினால் அதன் மேல் இன்னொன்று வரும். ஆகவே ஒரு பொருளுக்கு இடம் தேடும்போது எடுப்பதைவிட வைப்பது சுலபமா என்று பாருங்கள். தினமும் புழங்குவதற்கு மூடியே வேண்டாம். மாட்டுவதற்கு ஓர் ஆணி, போடுவதற்கு ஒரு தட்டு, செருகுவதற்கு ஒரு குவளை போதும். ஒரே அசைவில் வைக்க முடிந்தால், சின்னப் பிள்ளையும் வைக்கும், களைத்து வந்தவரும் வைப்பார்.

உயரமும் முக்கியம். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தட்டுகள்தான் வீட்டிலேயே விலைமதிப்புள்ள இடம். குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். பல வீடுகளில் அந்த இடத்தை அலங்காரப் பொருள்களுக்கும், எப்போதோ வரும் விருந்தினருக்கான சாமானுக்கும் கொடுத்துவிட்டு, தினமும் எடுப்பதை அடித்தட்டில் வைத்திருக்கிறோம். கனமானவற்றைக் கீழே, இலேசாக இருப்பவற்றை மேலே, அன்றாடம் புழங்குவதை நடுவில் வையுங்கள். ஆழமான தட்டுகளில் பின்வரிசை வேண்டாம். பின்னால் போனது மறந்துபோனதுதான். துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலிருப்பதை உருவும்போது எல்லாம் சரியும். மடித்துப் புத்தகம்போல நிமிர்த்தி வைத்தால் எல்லாம் தெரியும், எதுவும் சரியாது.

சில சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடை ரசீதுகள் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத் தாளில் அச்சாகின்றன. காலம் ஆக ஆக எழுத்து மறைந்துவிடும். உத்தரவாதத்துக்குத் தேவை என்றால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். மருந்துகளைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரமும் சூடும் அவற்றைக் கெடுக்கும். அட்டைப் பெட்டிகளைச் சேர்க்காதீர்கள், கரப்பானுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. புத்தகப் பசையையும் தாளையும் அரிக்கும் ராமபாணப் பூச்சியும் ஈரம் ஏறிய மூலைகளில்தான் குடியிருக்கும். பழைய கைபேசிகளை இழுப்பறையில் வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நினைவுப் பொருள்கள் அப்படியல்ல. அவற்றில் அவசரப்படாதீர்கள், கடைசியாக எடுங்கள். பெற்றோர் கையெழுத்து, குழந்தையின் முதல் செருப்பு இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்துக் கழிக்க முடியாது. ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வு உதவியாக இருக்கும். ஒரு பல்கலைக்கழக விடுதிகளில் பழைய பொருள்களைத் தானமாகக் கேட்டார்கள். சில விடுதிகளில் மட்டும், நினைவுள்ள பொருளாக இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று எழுதி ஒட்டினார்கள். அங்கே 613 பொருள்கள் வந்தன, மற்ற விடுதிகளில் 533. பொருளைக் கொடுத்தால் நினைவும் போய்விடுமோ என்பதுதான் பலரையும் தடுக்கிறது. படம் அந்தப் பயத்தைக் கொஞ்சம் தணிக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் கழிக்காதீர்கள். கணவன், மனைவி, மாமியார், பத்து வயதுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. ஒரு தடவை அப்படிச் செய்தால், அதன் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம், சிலருக்கு எதையுமே விட முடியாமல், படுக்கவும் நடக்கவும் இடமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. சோம்பல் என்று அவர்களை ஏசாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவரும் நம் பொறுமையும்.

அம்மா இப்போது இல்லை. அந்த அலமாரியில் இருந்தவற்றை நானும் என் தங்கையும் உட்கார்ந்து பிரித்தோம். புடவைகள், மாத்திரைகள், சீப்பு எல்லாம் போயின. கண்ணாடிக் கூடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பரணில் ஏற்றிப் பூட்டி வைக்க மனம் வரவில்லை. வாசலுக்கு உள்ளே, சாவி போடும் தட்டாக இப்போது அதுதான் இருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டேன். வேலை முடிந்து இருட்டில் கதவைத் திறந்து வந்தாலும், விளக்கைப் போடும் முன்பே என் கை அதன்மேல் போய் நிற்கிறது.

நன்றி, வணக்கம்.