பசை போய்த் திருகாணி வருகிறது: பொருள் வடிவமைப்பில் நான் கவனிக்கும் மாற்றம்

அனைவருக்கும் வணக்கம். பொருள் வடிவமைப்பில் இப்போது என்ன புதிது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும், விளிம்பின் வளைவையும், மடியும் திரையையும் மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இன்று நடக்கும் முக்கியமான மாற்றம் வெளியில் தெரிவதில்லை. பசை போட்டு மூடப்பட்ட கருவிகள் மீண்டும் திறந்து பழுதுபார்க்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நீங்கள் திரையில் பார்ப்பது ஃபேர்ஃபோன் 5. ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கைப்பேசி இது. பின்மூடியின் மூலையில் நகத்தைக் கொடுத்து நெம்புகிறேன், மூடி கழன்றுவிட்டது. பேட்டரியையும் எந்தக் கருவியும் இல்லாமல் விரலாலேயே எடுத்துவிடலாம். திரையையோ, கேமராவையோ, சார்ஜ் போடும் பகுதியையோ மாற்றுவதற்கு ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவர் போதும்.

வழக்கமான கைப்பேசி ஒன்றில் இதே வேலையைச் செய்ய வேண்டுமானால், பின்கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் செலுத்தி, மின்கம்பிகள் அறுந்துவிடாமல் மெதுவாகப் பிரிக்க வேண்டும். பல மாடல்களில் பேட்டரிக்கு அடியில் இழுத்தால் நீளும் பசைப்பட்டை இருக்கும். அது பாதியில் அறுந்துவிட்டால் பேட்டரியை நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். லித்தியம் பேட்டரி வளைந்தாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கக்கூடும். பழுதுபார்ப்பவரின் கைத்திறமை எவ்வளவு இருந்தாலும், இந்த ஆபத்து, பொருளின் வரைபடம் போடப்பட்ட நாளிலேயே அதற்குள் வைக்கப்பட்டுவிட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பசையை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் தண்ணீர். அதில் நியாயம் இருக்கிறது; தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் குறிக்கும் ஐபி தரவரிசையில் ஃபேர்ஃபோன் 5-க்கு ஐபி55 மட்டுமே, அதைத் தண்ணீரில் மூழ்கவிடக் கூடாது. ஆனால் 2014-இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்5-இன் பின்மூடியைக் கையால் கழற்ற முடிந்தது, பேட்டரியை மாற்ற முடிந்தது, அதோடு தண்ணீரில் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும் ஐபி67 தரமும் இருந்தது. மூடியின் உட்புறம் ஓடிய ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுத்தது. பயனர் மூடியைச் சரியாக அழுத்தி மூட வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இருந்தது உண்மைதான். ஆயினும் முடியாத காரியம் என்று சொல்லப்பட்டதை ஒரு பெரிய நிறுவனமே செய்து காட்டியிருந்தது.

இப்போது நிறுவனங்களை நகர்த்துவது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசி மாடல்களின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும்; ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். கைப்பேசிக்கு மட்டுமன்றி, சிறு கருவிகளின் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற பொதுவிதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதிக ஆயுள் உடைய, நீர்புகாக் கைப்பேசிகளுக்கு விலக்குகள் இருக்கின்றன. அந்த வாசல் வழியாகப் பலர் தப்பித்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

இந்த அழுத்தத்துக்கு நடுவில் பசையே புது வடிவம் எடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2024-இல் வந்த ஐஃபோன் 16-இல் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைக்குள் 9 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினால், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் பிடி விட்டுவிடுகிறது. சூடாக்கவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம். மெல்லிய உடலமைப்பையும் பழுதுபார்க்கும் வசதியையும் ஒருசேரக் காப்பாற்ற முயலும் இத்தகைய பொறியியலைத்தான் நான் நல்ல வடிவமைப்பு என்று கருதுகிறேன்.

திருகாணி மட்டும் திரும்பி வந்தால் போதாது. சில கருவிகளில் அசல் உதிரிபாகத்தைப் பொருத்தினாலும், அதன் வரிசை எண்ணை நிறுவனத்தின் மென்பொருள் ஏற்காவிட்டால் சில வசதிகள் வேலை செய்யாமல் போய்விடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இப்படிப்பட்ட பூட்டுகளைக் கட்டுப்படுத்தியது. ஆகவே நான் ஒரு கருவியை மதிப்பிடும்போது, மூடி எப்படித் திறக்கிறது என்பதோடு, வெளியில் மாற்றிய திரையையும் பேட்டரியையும் அது முழுமையாக ஏற்கிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்கிறேன். இந்த அலைவரிசையில் வரும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அந்த இரண்டு சோதனைகளும் இனி இடம்பெறும்.