பாட்டே இல்லாத படம் எடுத்த வீணைக்காரர்

(திரை இருட்டு. ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம்.)

1954. சிவாஜி கணேசன் படம் பார்க்கப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பிலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். சரி, இனி பாட்டாவது வரும் என்று காத்திருக்கிறீர்கள். வரவே இல்லை. ஆட்டமும் இல்லை, சண்டையும் இல்லை.

ஏவி.எம். தயாரித்த அந்தப் படம் 'அந்த நாள்'. இயக்கியவர் எஸ். பாலசந்தர். அப்போது அவருக்கு வயது 27. பின்னாளில் உலகம் 'வீணை பாலசந்தர்' என்று கொண்டாடியதும் இவரைத்தான். உடம்பெல்லாம் சங்கீதமாக இருந்த ஒரு மனிதர், பாட்டே இல்லாமல் படம் எடுத்திருக்கிறார். எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

(திரையில்: பழைய மயிலாப்பூர்த் தெரு. கஞ்சிரா என்ற சின்னக் கைப்பறையின் தட்டொலி.)

1927-இல் பிறந்தவர். விரல் நிமிரும் முன்னே கஞ்சிரா பழகிவிட்டார். 1934-இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் குடும்பமே நடித்தது: அப்பா சுந்தரம் ஐயர் ஜனகர், அண்ணன் ராஜம் ராமன், அக்கா சீதை. குட்டிப் பாலசந்தர் ராவணன் சபையில் உட்கார்ந்து கஞ்சிரா வாசித்தார். அந்த ராஜம்தான் பின்னாளில் ஓவியராகவும் பாடகராகவும் பெயரெடுத்த எஸ். ராஜம்.

அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாகக் கைக்கு வந்தது. தபலா, ஹார்மோனியம், சிதார் என்று போய்க்கொண்டே இருந்தது. சதுரங்கத்திலும் கெட்டிக்காரர். 1948-இல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடம். அதே ஆண்டு, 21 வயதில், 'என் கணவர்' படத்தை இயக்கி, நடித்து, இசையும் அமைத்தார்.

(திரையில்: 'அந்த நாள்' படத்தின் நிழலும் வெளிச்சமும்.)

'அந்த நாள்' பிறந்தது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' படம் பார்த்த பாதிப்பில். ஆனால் கதை நம் ஊர்க் கதை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது அல்லவா, அந்தச் சமயத்தில் ஒரு ரேடியோ இன்ஜினியர் கொலையாகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவராகப் பேசப் பேச, செத்தவரின் முகம் மாறிக்கொண்டே வருகிறது. விசாரிக்கும் அதிகாரி ஜாவர் சீதாராமன், வசனமும் அவருடையதே. கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

பாட்டுக்குப் பதில் இதில் காது கேட்பது குரல்கள், காலடி, பின்னணி இசை, நடுவே மௌனம். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவர்தான் நல்ல வாத்தியக்காரர். அந்தப் பக்குவத்தை இவர் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். படம் வசூலில் சோபிக்கவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. காலம் போகப் போகத்தான் அதன் மதிப்பு ஏறியது.

பத்து வருஷம் கழித்து 'பொம்மை'. பொம்மைக்குள் வெடிகுண்டு, ஊரெல்லாம் கைமாறிப் போகிறது. இசையும் அவரே. ஜேசுதாஸ் தமிழுக்கு வந்த 'நீயும் பொம்மை நானும் பொம்மை' இதில்தான். படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள்! பாலசந்தரே திரையில் வந்து, நடித்தவர்களோடு தொழில்நுட்பக் கலைஞர்களையும் அறிமுகம் செய்துவைக்கிறார். கேமராவுக்குப் பின்னால் உழைத்தவர்களுக்கும் ஒரு முகம் உண்டு என்று நினைத்த மனிதர்.

(திரையில்: வீணையின் தண்டி, மெழுகில் பதிந்த உலோகப் பட்டைகளான மெட்டுகள்.)

1970-இல் வந்த 'நடு இரவில்' படத்தோடு இயக்கம் நின்றது. மனசு முழுக்க வீணைக்குப் போய்விட்டது. வீணைக்கு அவருக்குக் குரு என்று யாரும் இல்லை. அவர் விரல்களைக் கவனியுங்கள். ஒரே மெட்டில் இடது கை விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அடுத்த ஸ்வரம், அதற்கடுத்தது, இன்னும் ஒன்று என்று அந்த ஒரே மீட்டிலிருந்து எழும்பி வருகின்றன. பாடகர் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடுவது போல இருக்கும். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களையும் வாசித்து 12 இசைத்தட்டுகளாகக் கொடுத்தார். 1982-இல் பத்மபூஷண். தனக்குச் சரியென்று பட்டதற்காகச் சங்கீத உலகத்தோடு சண்டை போடவும் தயங்கியதில்லை.

'அந்த நாள்' வெளியானது 1954 ஏப்ரல் 13. பாலசந்தர் பிலாயில் காலமானது 1990 ஏப்ரல் 13.

(வீணை ஒலி மட்டும்.)

இதோ, கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. முடிந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். தந்தி இழுபடும் அந்த மெல்லிய உராய்வுகூடக் கேட்கும்.