அப்பத்தா ஒரு கால மடக்கி உக்காந்துச்சு, என் சீட் டிசைன் காலி

வாங்க வாங்க, சத்தம் கேக்குதா? பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுது, கண்டுக்காதீங்க. கை மஞ்சளா இருக்கேன்னு பாக்குறீங்களா, மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடல, பலா மரம் செதுக்குனா இப்படித்தான் ஒட்டிக்கும், இந்தத் தூளக் காச்சித்தான் பர்மா, தாய்லாந்துலயெல்லாம் புத்த பிக்குங்க துணிக்கு சாயம் ஏத்துனாங்க. நான் என் பனியனுக்கு ஏத்தியிருக்கேன்.

சரி, போன வீடியோ. நாற்காலி சீட்டுக்கு ஈரக் களிமண்ணுல நானே உக்காந்து அச்சு எடுத்து, அதே மாதிரி வேப்பம்பலகைல குடைஞ்சேன்ல? தப்பு. கமெண்ட்ல சிரிச்சவங்க எல்லாரும் இன்னொருவாட்டி சிரிச்சுக்கங்க. அசையாம இருந்தா அது சொகம்தான், ஆனா மனுஷன் அசையாம இருப்பானா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா நகருவோம், நகந்த ஒடனே குழி விளிம்பு குத்துது. முன்பக்க விளிம்ப வேற உருட்டாம கூரா விட்டுட்டேன், தொடைக்கடில அழுத்தி இருபது நிமிஷத்துல கால் மரத்துப் போச்சு. மர நாற்காலிதான், அதுக்காக காலும் மரமாகணுமா?

அதனால இந்தத் தடவ ஒழுங்கா இங்கிலாந்து விண்ட்சர் சேர் டிசைன எடுத்துக்கிட்டேன், கெட்டிப் பலகைல குடைஞ்ச சீட்டு, அதுலயே காலெல்லாம் நேரா இறக்கியிருக்கும். ஹை விக்கம்னு ஒரு ஊரு, நாற்காலிக்குப் பேர் போன ஊரு, அங்க அந்தக் காலத்துல நாற்காலிக்குக் கால் கடையறவரு வேற, சீட்டு குடையறவரு வேற. சீட்டு குடையறவருக்குப் பேரே பாட்டமர்! பலகைய தரையில போட்டு அது மேலயே ஏறி நின்னு, காலுக்கு நடுவுல வாச்சியால, அதான் அலகு குறுக்க இருக்கற கோடாலி மாதிரி, அதால கொத்துவாங்க. நம்ம ஆசாரிங்க உக்காந்துகிட்டு கால் வெரலால மரத்தப் பிடிச்சு கொத்துறத பாத்திருக்கேன், எனக்கு ரெண்டுமே பயம், நான் கிளாம்ப் போட்டேன். அவங்க சீட்டுக்கு எல்ம் மரம் போடுவாங்க, அதுல வரி, அதான் மரத்தோட நார் ஓட்டம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும், கால அடிச்சு இறக்குனாலும் பலகை பொளக்காது.

நமக்கு எல்முக்கு எங்க போறது, பலாதான். இந்தப் பலகை 18க்கு 17, கனம் 2 இன்ச். மரவாடில 1,200 சொன்னாரு. நான் 700. அவரு டீ குடிக்கப் போயிட்டாரு. நானும் போகாம நின்னேன். திரும்பி வந்து 1,000. ஓரத்துல வெடிப்பு இருக்குண்ணேன்னேன், "வீணைக்குப் போற மரம் தம்பி"ன்னாரு, வீணைக்குப் போறதுன்னா ஏன் இங்க கெடக்குதுன்னு கேட்டேன். 850! சத்தியமா 850! அப்புறம் ஆட்டோவுக்கு 180 குடுத்தேன், அத கணக்குல சேக்காதீங்க.

வேலைக்கு வருவோம். குழி ரொம்ப ஆழமா இருக்கக் கூடாது, அகலமா தட்டு மாதிரி, ஆழமான எடம் முக்கால் இன்ச் போதும், அதுவும் நடுவுல இல்ல, பின்பக்கமா, உக்காரும்போது அடில ரெண்டு எலும்பு படும்ல அதுக்கு நேரா. முன்னால வரவர மேடு, கடைசில விளிம்பு உருண்டு கீழ இறங்கிரணும். வாச்சியால குறுக்க கொத்தி எடுத்துட்டு, அரைவட்ட உளி, அப்புறம் அடி வளைஞ்ச சின்ன இழைப்புளி. எப்பவும் மேட்டுலேந்து பள்ளத்துக்குத்தான் இழைக்கணும், பள்ளத்தத் தாண்டி அந்தப் பக்கம் ஏறுனீங்கன்னா சிராய் தூக்கிரும். கிரைண்டர் போடலாமேன்னு கேக்காதீங்க, எனக்கு கிரைண்டர் ஆகாது, பத்து செகண்ட்ல ஒரு நாள் வேலைய கெடுக்கும், மூக்குல போற தூசி தனி.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். வாச்சி போடறதுக்கு முன்னாடி ஆழம் தெரியறதுக்கு அங்கங்க டிரில்லால ஓட்ட போடுவோம், பிட்டுல டேப் சுத்தி அடையாளம் வெச்சு. அந்த டேப் நழுவிருச்சு. நான் பாக்கல. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது! பத்து நிமிஷம் திண்ணைல போயி உக்காந்துட்டேன். அப்புறம் அதே பலகையோட துண்டுல ஆப்பு செதுக்கி, வரி ஒரே பக்கமா பாத்து பசை தடவி அடிச்சேன். இந்தா கேமராகிட்ட கொண்டு வரேன், எங்கன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிக்க முடியாது. இன்னும் கிட்ட கொண்டு வரேன். முடியாது!

கடைசியா உடைஞ்ச கண்ணாடித் துண்டால சொரண்டி, 80, 120, 220 உப்புத்தாள். ராத்திரி லைட்ட அணைச்சு டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தா மேடுபள்ளம் எல்லாம் நெழலா தெரியும், பகல்ல எவ்வளவு பாத்தாலும் சிக்காது.

இப்ப கதையே இனிமேதான். கால் மாட்டறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிரணும்னு செங்கல் அடுக்கி அது மேல சீட்ட வெச்சேன், உக்கார்ற மட்டம் 15 இன்ச், அப்பத்தா குள்ளம். "அப்பத்தா, உக்காந்து பாரு". உக்காந்துச்சு. ஒடனே வலது கால மடக்கி மேல தூக்கி வெச்சுக்கிச்சு. "என்னடா இது, கணுக்கால்ல குத்துது?"

விண்ட்சர் சீட்டுல முன்னால நடுவுல குதிரைச் சேணம் மாதிரி ஒரு மேடு இருக்கும், ரெண்டு தொடையும் ரெண்டு பக்கம் போறதுக்கு. பாக்க அவ்வளவு அழகு, எனக்கு அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. ஆனா அது ரெண்டு காலையும் கீழ தொங்கவிட்டு உக்கார்ற ஆளுக்கு! நம்ம வீட்டுல யாரு அப்படி உக்கார்றா? எங்கப்பா சம்மணம் போடுவாரு, அப்பத்தா ஒரு கால், நான் எடிட்டிங் பண்றப்ப ரெண்டு காலும் மேலதான்.

மனசே இல்லாம அந்த மேட்ட இழைச்சுத் தள்ளிட்டேன். ரெண்டு நாள் வேலை, நாப்பது நிமிஷத்துல சுருள் சுருளா கீழ கெடக்கு. முன்பக்கம் இப்ப லேசா தாழ்வா, ஒரே சரிவா போகுது, விண்ட்சர்காரங்க பாத்தா திட்டுவாங்க.

கால் கடையறது அடுத்த வீடியோ. ஓட்ட போட இப்ப சீட்டு வேணும், அப்பத்தா அதுல கால மடக்கி உக்காந்து மொச்ச உரிச்சுக்கிட்டு இருக்கு, எந்திரிக்க மாட்டேங்குது.