பாடமும் ஜெபமும் ஒரே இடத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்கள் சமய நூல் படிக்கும் கூடத்துக்கு பேத் மித்ராஷ் என்று பெயர். அங்கே அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேசைக்கு இருவராக உட்கார்ந்து, பெரிய நூல்களை விரித்து வைத்து, உரக்கப் படித்து, ஒருவரை ஒருவர் மறித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவருக்கு ஏதோ தகராறு நடப்பதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் செய்துகொண்டிருப்பது வழிபாடு.

யூதர்கள் காலையில் சொல்லும் ஆசிகளில் யூத வேதமான தோராவைப் படிப்பதற்கென்றே தனி ஆசிகள் உண்டு. ஆசி சொல்லிவிட்டுப் படிக்காமல் போய்விடக்கூடாது. அதனால் சொன்ன கையோடு வேதத்தின் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்திலுள்ள, ஆலயப் பூசாரிகளான ஆசாரியரின் ஆசீர்வாதத்தையும், மிஷ்னா, தல்மூத் என்ற சமயச் சட்ட நூல்களிலிருந்து ஒரு சிறு பகுதியையும் அங்கேயே படித்துவிடுகிறார்கள். அதாவது வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே, சில வரிகளாவது, அன்றைய படிப்பு தொடங்கிவிடுகிறது.

அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தல்மூதின் முதல் பகுதி பெராகோத். அதன் முதல் தாளில் '2' என்ற எண்தான் இருக்கும். 1 என்று ஒரு தாளே கிடையாது. பக்கத்தின் நடுவில் மூலம். அதில் மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் யூதா என்ற தலைவர் தொகுத்த சட்டத் தொகுப்பு. கெமாரா என்பது அதன் மேல் பாபிலோனிய அறிஞர்கள் நடத்திய விவாதம். நூல் தைத்திருக்கும் பக்கமாக, பிரான்ஸில் வாழ்ந்து 1105-இல் மறைந்த ராஷியின் உரை. வெளி ஓரத்தில் அவருக்குப் பின்வந்தவர்களின் மறுப்புகளும் விளக்கங்களும். இந்த அமைப்பு 1520-களில் வெனிஸ் நகரில் அச்சான பதிப்பிலிருந்து வருகிறது. வழக்கமான அச்சில் மூலத்துக்கு உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை. எது கேள்வி, எது பதில், யார் எங்கே பேசி முடித்தார் என்பதைப் படிப்பவரே கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் வரியே ஒரு கேள்வி: மாலையில் ஷெமாவை எந்த நேரத்திலிருந்து சொல்லலாம்? ஷெமா என்பது "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் உபாகமம் 6-ஆம் அதிகார அறிக்கை. காலையும் மாலையும் சொல்ல வேண்டியது. மிஷ்னா தரும் பதில், ஆசாரியர்கள் தங்கள் காணிக்கைப் பங்கை உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து என்பது. கெமாரா உடனே குறுக்கிடுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இன்னும் நிறுவவே இல்லையே, அதற்குள் நேரத்தை எப்படிக் கேட்கலாம்? காலையை விட்டுவிட்டு மாலையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? "நட்சத்திரம் தெரியும் நேரம்" என்று நேராகச் சொல்லாமல் ஆசாரியர்களை எதற்கு இழுக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் விடை வரும். "படுத்துக்கொள்ளும்போதும் எழுந்திருக்கும்போதும்" என்று வேதமே மாலையை முன்வைக்கிறது. ஆசாரியர்களைக் குறிப்பிட்டதால், அவர்கள் எப்போது உண்ணலாம் என்ற இன்னொரு சட்டமும் போகிற போக்கில் தெரிந்துவிடுகிறது.

இதில் கடவுள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. யூத அறிஞர்களே இதற்குப் பல விடைகள் தந்திருக்கிறார்கள். எனக்கு மிக நெருக்கமானது, ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் ஆசான் ஷ்னேயோர் ஸல்மான் 1796-இல் அச்சிட்ட தான்யா நூலின் 5-ஆம் அதிகாரம். ரூபன் இப்படி வாதிட்டால், சிமியோன் அப்படி வாதிட்டால், தீர்ப்பு இது என்று ஒரு சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு வழக்கு உலகில் எழாமலே போகலாம். ஆனாலும் அந்தத் தீர்ப்பு கடவுளின் விருப்பமும் ஞானமும் ஆகும். அதை ஒருவர் முழுமையாகப் புரிந்துகொள்ளும் கணத்தில் அவருடைய அறிவு அந்த ஞானத்தைச் சூழ்ந்துகொள்கிறது. அந்த ஞானமும் அவருடைய அறிவைச் சூழ்ந்துகொள்கிறது. இதற்கு நிகரான ஒன்றிப்பு உடல் உலகில் கிடையாது என்கிறார் அவர். கடவுளை நேரடியாக எந்த அறிவும் எட்டாது. அவர் விரும்பியதை எட்டலாம். அதனால்தான் ஆசாரியரின் உணவு நேரம்கூட அற்பமான விஷயம் ஆவதில்லை. ஷ்னேயோர் ஸல்மானுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் தம் சட்ட நூலில், அறிவு எவ்வளவோ அன்பும் அவ்வளவே, குறைவானால் குறைவு, மிகுந்தால் மிகுதி என்று எழுதிவைத்தார்.

எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. படிக்கும்போதே மனம் கடவுளிடம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஹசிதியரில் பலர் வலியுறுத்தினார்கள். இன்றைய பெலாரூஸிலுள்ள வொலோஜினில் புகழ்பெற்ற வேதப் பாடசாலையை நிறுவிய ரபி (யூத சமய ஆசான்) ஹயிம் வேறு மாதிரி சொன்னார். படிக்கத் தொடங்கும் முன் சிறிது நேரம் நிறுத்தி, கடவுள் அச்சத்தோடு உள்ளத்தைச் சீராக்கிக்கொள். தொடங்கிய பிறகு எதிரிலுள்ள சட்டத்தைப் புரிந்துகொள்வதிலேயே முழு மனதையும் வை. நடைமுறையில் இதுவே சரியாக வரும் என்பது என் துணிபு. சிக்கலான ஒரு வாதத்தின் நடுவில் உருகிக்கொண்டிருந்தால் வாதம் நழுவிவிடும், உருக்கமும் நிற்காது. தொடங்கும் முன் இரண்டு நிமிடம் நிறுத்துவது யாருக்கும் முடியும். நடு நடுவே, அலுப்பு தட்டும்போது, மறுபடியும் நிறுத்தலாம்.

ஏன் இருவராக உட்கார வேண்டும்? இருவர் உட்கார்ந்து அவர்களுக்கிடையே தோராவின் சொற்கள் இருந்தால் இறைப் பிரசன்னம் அவர்கள் நடுவே தங்கும் என்கிறது மிஷ்னாவின் ஆவோத் என்ற பகுதி. நடைமுறைக் காரணமும் உண்டு. ஒருவர் ஒரு வாக்கியத்தை உரக்கப் படித்துத் தம் மொழியில் பொருள் சொல்கிறார். மற்றவர் வேலை தலையாட்டுவதல்ல. "அந்தச் சொல் எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்பதுதான். பிறகு இருவரும் ராஷியைப் பார்க்கிறார்கள். முதலிலேயே ராஷியைப் பார்த்துவிட்டால், அவர் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறார் என்பதே புரியாது. மொழிபெயர்ப்புப் பதிப்பை மட்டும் படிப்பவர்களுக்கும் இதுவே நடக்கிறது: விடை கையில் இருக்கும், கேள்வி இருக்காது.

ரபி யோஹனானின் படிப்புத் துணைவர் ரெஷ் லாகிஷ் இறந்த கதையை தல்மூத் சொல்கிறது. அவர் இடத்துக்கு வேறோர் அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், "இதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யோஹனான் கதறினார். நான் ஒன்று சொன்னால் ரெஷ் லாகிஷ் 24 மறுப்புகள் எழுப்புவான், நான் 24 விடை சொல்வேன், சட்டம் விரியும். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா என்றார். அவர் துக்கத்தில் அறிவையே இழந்து, பின் இறந்தார் என்று கதை முடிகிறது. நம்மை ஆமோதிப்பவரைத் துணைவராகத் தேர்ந்தெடுப்பதுதான் தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை.

குரலெழுப்பிப் படிக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பு இருக்கிறது. முணுமுணுத்துப் படித்த மாணவனை பெரூரியா என்ற அறிஞர் பெண்மணி உதைத்தே திருத்தினாராம். திருப்பிப் படிப்பதில் அதைவிடக் கண்டிப்பு. 100 முறை படித்தவனும் 101 முறை படித்தவனும் ஒன்றல்ல என்கிறது தல்மூதின் ஹகிகா பகுதி. ரபி பெரிதா தம் மாணவன் ஒருவனுக்கு ஒவ்வொரு பாடத்தையும் 400 முறை சொல்லிக்கொடுத்தார்.

இங்கேதான் தாஃப் யோமி என்ற தினசரித் தாள் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1923 ஆகஸ்டில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் ரபி மேயிர் ஷபிரோ முன்வைத்த திட்டம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் யூதப் புத்தாண்டு நாளில் தொடங்கியது. உலகமெங்கும் எல்லோரும் ஒரே நாளில் ஒரே தாளை, முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம், படிப்பார்கள். மொத்தம் 2,711 நாள், ஏழரை ஆண்டு. தற்போதைய 14-ஆவது சுற்று 2020 ஜனவரி 5-இல் தொடங்கியது, 2027 ஜூன் 7-இல் முடியும். ஒரு தாளுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அன்றைய தாளைப் படிக்கும் ஒரு கூட்டம் இருக்கும் என்பது அதன் பெரிய பலம். பலவீனம், திரும்பிப் பார்க்க நேரமில்லாதது. நேற்றையது நிற்பதற்குள் நாளையது வந்துவிடும். ஒரு வாரம் தவறினால் ஏழு தாள் சேர்ந்துவிடும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். தொடங்குபவர் நாளுக்கு இரண்டு மிஷ்னா படிக்கும் முறையை எடுத்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய ஆறு ஆண்டில் மிஷ்னா முழுவதும் முடியும். ஓய்வு நாளான சப்பாத் அன்று வாரத்தின் பாடத்தைத் திருப்பிப் பார்க்கவும் இடம் கிடைக்கும்.

இனி ஜெபம். மையமானது அமிதா. சாதாரண நாளில் 19 ஆசிகள். மூன்று அடி பின்வைத்து, மூன்று அடி முன்வந்து, பாதங்களைச் சேர்த்து, எருசலேமை நோக்கி நின்று சொல்வது. உதடு அசைய வேண்டும், தன் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும். 1 சாமுவேலில் அன்னாள் ஜெபித்த விதம் அது. முதல் ஆசியின் தொடக்கத்திலும் முடிவிலும், நன்றி ஆசியின் தொடக்கத்திலும் முடிவிலும் என நான்கு இடத்தில் மட்டுமே குனிய வேண்டும். எல்லா ஆசியிலும் குனிபவரை, வேண்டாம் என்று தடுக்கச் சொல்கிறது தல்மூத்.

கெட்டுப்போவது வேகத்தால்தான். மனப்பாடமாகிவிட்ட ஜெபம் நாக்கில் ஓடும், மனம் கடைத்தெருவில் இருக்கும். சட்ட நூல்கள் இதை அறிந்தே பேசுகின்றன. எல்லா ஆசியிலும் மனம் குவியாவிட்டால் முதல் ஆசியிலாவது குவியட்டும் என்கிறது ஷுல்ஹான் அரூக் என்ற யூதச் சட்ட நூல். மனப்பாடம் இருந்தாலும் ஜெபநூலைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆசியின் முடிவு வரிக்கும் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டுதலைக் கேட்பவரே என்ற ஆசியில் அன்றைய தேவையைச் சொந்தச் சொற்களில் சேர்க்கலாம். புதிதாக ஒன்றும் சேர்க்காதவனின் ஜெபம் வெறும் வாடிக்கை என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. 1810-இல் மறைந்த பிரெஸ்லோவின் ரபி நாஹ்மான் இன்னும் ஒரு படி போய், நாளுக்கு ஒரு மணி நேரம் தனித்திருந்து தாய்மொழியிலேயே கடவுளிடம் பேசச் சொன்னார்.

படிப்புக்கும் ஜெபத்துக்கும் இடையே உரசலும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. ஜெபத்தை நீட்டிய ஓர் அறிஞரைப் பார்த்து தல்மூத் அறிஞர் ராவா, நித்திய வாழ்வை விட்டுவிட்டு அற்ப வாழ்வில் ஈடுபடுகிறார்களே என்றார். மறுபக்கம், பண்டைய பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி, ஜெபம் ஒரு மணி, பின் ஒரு மணி என்று மூன்று வேளைக்கும் நாளில் ஒன்பது மணி செலவிட்டார்கள். அப்படியானால் அவர்கள் படிப்பு எப்படி நிலைத்தது என்று தல்மூதே கேட்டு, பக்தியால் நிலைத்தது என்று விடை சொல்கிறது. எனக்குச் சரியாகப் படுவது அபாயே என்ற தல்மூத் அறிஞர் செய்தது. முதலில் வீட்டில் படித்து ஜெப ஆலயத்தில் ஜெபித்தவர், எருசலேம் ஆலயம் அழிந்த பின் கடவுளுக்கு இவ்வுலகில் சட்டத்தின் நான்கு முழ இடம்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், படிக்கும் இடத்திலேயே ஜெபிக்கத் தொடங்கினார். திபேரியாவில் 13 ஜெப ஆலயங்கள் இருந்தும் ரபி அம்மியும் ரபி அஸ்ஸியும் தாங்கள் படித்த தூண்களுக்கு நடுவிலேயே ஜெபித்தார்கள்.

இத்தனைக்கும் நேரமில்லாத உழைப்பாளி என்ன செய்வார்? காலையும் மாலையும் ஷெமா சொன்னாலே படிப்புக் கடமை நிறைவேறும் என்கிறது தல்மூதின் மெனாஹோத் பகுதி. இதைப் பாமரர் முன் சொல்லக்கூடாது, சோம்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். சொல்வதே கடமை என்றார் ராவா. ராவாவின் பக்கம்தான் நான்.

அதற்கு மேல் முடிந்தவர்களுக்கு ஷுல்ஹான் அரூக் தரும் ஏற்பாடு எளியது. காலை ஜெபம் முடிந்ததும் வேலைக்குப் போகும் முன் படிப்புக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய லாபம் வருவதாக இருந்தாலும் அதைத் தள்ளக்கூடாது. தீர்ப்பு நாளில் முதலில் கேட்கப்படுவது, நேர்மையாக வியாபாரம் செய்தாயா என்பது. அடுத்தது, தோராவுக்கு நேரம் ஒதுக்கினாயா என்பது. எவ்வளவு படித்தாய் என்று அந்தப் பட்டியலில் கேள்வி இல்லை. குறித்த நேரம் ஒருநாள் தவறிப்போனால் அதை அன்றிரவே அடைக்க வேண்டிய கடனாகக் கொள்ளுங்கள். பகலில் கடன் வாங்கி இரவில் திருப்பிச் செலுத்துவது ரப் ஆஹா பர் யாக்கோபின் வழக்கம்.