கரை ஊர்கள் வந்து கூடும் ஊர்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பெருநகரமும் இல்லாத, சிற்றூரும் இல்லாத ஒரு நகரத்துக்குக் களை எதனால் வருகிறது என்று பேசச் சொன்னார்கள். ராமநாதபுரத்தை வைத்தே பேசுகிறேன். வெளியூரில் ராமநாதபுரம் என்று சொன்னால் "ராமேஸ்வரமா?" என்கிறார்கள். "அதற்கு முந்தின ஊர்" என்று பதில் சொல்லிச் சொல்லி, நாம் வெறும் முந்தின ஊர்தான் என்ற எண்ணம் நமக்கே படிந்துவிட்டது. பாம்பன் பாலம் 1914இல் வந்தது, சாலைப் பாலம் 1988இல் வந்தது, தூக்குப் பாலத்தோடு புது ரயில் பாலம் 2025இல் வந்தது. ஒவ்வொரு முறையும் நம்மைத் தாண்டிப் போகிறவர்களின் வேகம்தான் கூடியது. அவர்களை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கிறவர்கள் உண்டு. நான் வேறு பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறேன். இந்த ஊருக்கு ஏற்கெனவே தினமும் வந்து நிற்கிறவர்கள் யார்?

2011 கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் 61 ஆயிரத்துச் சொச்சம் பேர். காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள், அந்தக் கணக்கு போதாது என்று தெரியும். தொண்டியிலிருந்து, தேவிபட்டினத்திலிருந்து, கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம், சாயல்குடியிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் கலெக்டர் ஆபீசுக்கு, ஒரு குடும்பம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, ஒரு பிள்ளை கல்லூரிக்கு. கரை ஊர்கள் அத்தனைக்கும் இது பொதுத் திண்ணை. திண்ணையின் பெருமை, வந்து உட்காருகிறவர்களால் வருவது. இந்த உறவு எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த ஊர் அழகாக இருக்கிறது. எங்கே அறுந்ததோ அங்கே வேறு எந்த ஊரையும் போல ஆகிவிடுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். இந்தச் சீமையில் எந்தப் பேச்சும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வருசநாட்டு மலையில் பிறந்த வைகை, தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று வந்து நம்முடைய பெரிய கண்மாயில் முடிகிறது. வெள்ளம் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகளும் ஓட்டுச் சில்லுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. ஆக, ஆறு வற்றினாலும் இந்தக் கரைக்கு உலகத்தோடு தொடர்பு வற்றியதில்லை. நதி கடலுக்குப் போகாமல் கண்மாயில் அடங்குவது சிலருக்குக் குறையாகத் தெரியலாம். எனக்கு அது நம் முன்னோர்களின் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம், 48 மடை. அப்படி ஒரு வாசகத்தைச் சொல்லி வைத்த மக்கள், தங்கள் ஊருக்கு எது பெருமை என்று தெரிந்தவர்கள்.

நகரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. பறவைகள் சரணாலயம். 2025 பிப்ரவரியில் அதுவும் தேர்த்தங்கலும் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. உலகம் மதிக்கிற ஈரநிலம் ஒன்று, டவுன் பஸ் போகிற தூரத்தில்! பெருநகரங்கள் கோடி கொட்டினாலும் இதை உண்டாக்க முடியாது. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வாடைக்காலத்தில் ஒரு காலைப் பொழுதாவது அந்தக் கரையில் நின்றிருக்கிறார்கள்? கை தூக்கச் சொல்லவில்லை. மனதுக்குள் நினைத்துப் பார்த்தால் போதும்.

ஊருக்குள்ளே முகவை ஊருணி இருக்கிறது. அதைப் போல் தெருத்தெருவுக்கு ஊருணி வைத்த ஊர் இது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது பெரிய விடுதலை. தலையில் குடம் சுமந்து நெடுந்தூரம் நடந்த பெண்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள், அதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் கூடவே ஒன்று நடந்தது. ஊருணியில் குடித்த காலத்தில் யாராவது அதில் ஒரு குப்பையைப் போட்டால் பத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். குடிப்பதை நிறுத்தியபோது காவலும் நின்றுபோனது. தண்ணீர் இருக்கிற இடத்தில் மாலையில் மனிதர்கள் வந்து உட்காருவார்கள், அப்படி உட்காருகிற இடம்தான் ஊருக்கு முகம். ஊருணிக் கரையில் நாலு பூவரச மரம், நாலு கல் பெஞ்சு, கழிவுநீர் கலக்காமல் ஒரு தடுப்பு. இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது அரண்மனை. நம் ஊரில் "அரண்மனை" என்றால் ஒரு பஸ் நிறுத்தம், ஒரு கடைவீதி, ஒரு அடையாளம். போகலூரில் இருந்த தலைநகரை இங்கே கொண்டுவந்தவர் இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி. ராமலிங்க விலாசத்தின் சுவரில் இருக்கும் ஓவியங்களை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். ராமாயணமும் பாகவதமும் இருக்கும். பக்கத்துச் சுவரில் தஞ்சை மராத்தியரோடு சண்டை, இன்னொரு பக்கம் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி. கடலோரத்து அரசன் யாரோடெல்லாம் பேச வேண்டியிருந்தது என்பது அந்தச் சுண்ணாம்புச் சுவரில் இருக்கிறது.

இதில் கசப்பான பக்கமும் உண்டு, மறைக்க வேண்டாம். 1693இல் போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டது அதே கிழவன் சேதுபதி காலத்தில்தான். இன்றைக்கு ஓரியூருக்கு எல்லாச் சமயத்தாரும் போகிறார்கள். அதே காலத்துக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி, உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர், சேதுபதிக்கு நெருக்கமானவர். செத்தும் கொடுத்தான் என்று யாரைச் சொல்கிறோமோ அவர் பெயரை இந்தக் கரையில் எந்தச் சாதிக்காரரும் சொந்தப் பெயர் போலத்தான் சொல்கிறார். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் போனால் கல் தூண்களைப் பாருங்கள். கோயில் மண்டபத்துத் தூணைச் செதுக்கிய கைப்பழக்கம் அதில் தெரியும். இதெல்லாம் பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில்.

இசைக்காரர்களிடம் கேட்டால் "ராமநாதபுரம்" என்பது ஊர்ப்பெயர் மட்டுமல்ல என்பார்கள். பூச்சி சீனிவாச ஐயங்கார் இந்தச் சமஸ்தானத்து வித்துவான். அவரிடம் படித்தவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். பின்னால் ராம்நாட் கிருஷ்ணன் வந்தார், மிருதங்கத்தில் முருகபூபதி வந்தார். ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு சென்னை மேடைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு நடுத்தர ஊர் இதைச் செய்ய முடிந்தது, ஏனென்றால் இங்கே கேட்க ஆள் இருந்தார்கள், ஆதரிக்க ஆள் இருந்தார்கள். பாஸ்கர சேதுபதி 1893இல் விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்றதும், 1897இல் அவர் பாம்பன் குந்துகாலில் இறங்கியபோது வரவேற்றதும் எல்லோரும் அறிந்தது. அதில் நான் அதிகம் நிற்கவில்லை.

நான் நிற்க விரும்புவது ஒரு பள்ளிக்கூடத்தில். ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த ஒரு பையன், மேல்படிப்புக்கு ஏற வேண்டிய முதல் படி எது? தீவிலிருந்து ரயிலேறி இங்கே ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்தார். அப்துல் கலாம் பிறகு திருச்சி, சென்னை, டெல்லி என்று போனது நாட்டுக்குத் தெரியும். முதல் படி நம் ஊர். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்குச் சென்னை ரொம்பத் தூரம், பயமும் கூட. ராமநாதபுரம் பயமில்லை. பேச்சு புரியும், சாப்பாடு ஒத்துக்கொள்ளும், சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம். நடுத்தர நகரம் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த ஊரின் அழகை அளக்க என்னைக் கேட்டால் மால் இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கிற மூக்கையூர்ப் பெண்பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்கு நூலகம் திறந்திருக்கிறதா, அங்கிருந்து பயமில்லாமல் நடந்து போகத் தெருவிளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன்.

இனி மீன் மார்க்கெட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது, தலைவர் அவர்கள் மணியடிக்கலாம்.

நமக்கு ஒரு கடல் இல்லை. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். மண்டபத்திலும் பாம்பனிலும் வாடைக்காற்று வந்து வடகடல் கொந்தளித்தால் படகைத் தென்பக்கம் கொண்டுபோவார்கள், கச்சான் காற்று அடித்தால் வடக்கே வருவார்கள். வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். இத்தனையும் மார்க்கெட்டில் ஒரு கூடையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். காரல் குவிந்திருக்கிறதா, ஓராவும் முரலும் வந்திருக்கிறதா, நண்டு உயிரோடு இருக்கிறதா, கணவாய் யார் வைத்திருக்கிறார்கள். விலை கேட்கிற அம்மா "இது வடகடலா தென்கடலா" என்று கேட்பார். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மக்கள் இருக்கிற ஊரை வேறு எங்கே பார்க்கப் போகிறீர்கள்?

வத்தல் கடைக்குப் போனால் நம் முண்டு மிளகாய், உருண்டையாக, கருஞ்சிவப்பாக. கண்மாய்ப் பாசனத்திலும் மானாவாரியிலும் விளைந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்குப் பக்கத்தில் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. அந்தக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கீழக்கரையில் தொதலாகிறது. கடல் கடந்து வந்த பலகாரம், நம் பனையில் ஊறி நம்முடையதாகிவிட்டது. இவை ஒன்றோடொன்று சந்திக்கிற இடம் இந்த ஊரின் கடைவீதி.

அதனால்தான் மார்க்கெட்டை ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம், கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. இடநெருக்கடி உண்மை. நாற்றமும் ஈக்களும் உண்மை. அதற்கு மருந்து வடிகால், ஐஸ் வைக்க இடம், நல்ல தண்ணீர்க் குழாய், கூடைக்காரப் பெண்களுக்கு நிழலும் கழிப்பறையும். விடியற்காலை முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிற பெண் பைபாஸில் இறங்கி எங்கே போவார்? அவர் வராவிட்டால் அந்தக் கேள்வியும் வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தக் கடல் என்று தெரியாத மீன் கிடக்கும்.

இதே போலத்தான் தெருவும். சாலை அகலமாக வேண்டும், சரி. வேம்பையும் புங்கையையும் வெட்டிவிட்டு அகலமாக்கிய சாலையில் சித்திரை வெயிலில் யார் நடப்பார்கள்? அரண்மனையிலிருந்து கேணிக்கரை வரை நிழலில் நடக்க முடிந்தால் கடைக்காரருக்கும் வியாபாரம், வயதானவருக்கும் நிம்மதி. மதுரையைப் பார்த்து மதுரை மாதிரி, சென்னையைப் பார்த்து சென்னை மாதிரி என்று கட்டிய முகப்புகள் நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கவில்லை. பழைய வீட்டில் தாழ்வாரம் வைத்தது ஆசைக்காக இல்லை.

நாளை மறுநாள் துபாய்க்கோ சென்னைக்கோ போகப்போகிற தம்பிகள் இங்கே இருப்பீர்கள். போங்கள், சம்பாதியுங்கள். இந்தக் கரை எப்போதும் கடல் தாண்டிப் போன கரைதான். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கிறது, நம் ஆட்களும் அந்தப் பக்கம் போய் வந்திருப்பார்கள். திரும்பி வரும்போது வீடு மட்டும் கட்டாதீர்கள். உங்கள் தெரு ஊருணிக்கு ஒரு பக்கக் கரையாவது கட்டிக் கொடுங்கள், பள்ளி நூலகத்துக்கு ஓர் அலமாரி கொடுங்கள்.

கவுன்சிலர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த நகரத்துக்கு அடுத்து எந்த வரைபடம் போட்டாலும், புதுப் பேருந்து நிலையமோ, குடியிருப்போ, சாலையோ, எதுவானாலும், முதல் கோடாகப் பெரிய கண்மாய்க்கும் சக்கரக்கோட்டைக்கும் ஊருணிகளுக்கும் வருகிற வரத்துக்கால்களை வரையச் சொல்லுங்கள். இரண்டாவதாகக் கூடைக்காரப் பெண்கள் எங்கே இறங்கி எங்கே நடக்கிறார்கள் என்பதை வரையச் சொல்லுங்கள். மற்றக் கோடுகளை அதற்குப் பிறகு போடட்டும். அந்த வரைபடத்தை நகராட்சி அலுவலக வாசலில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். பிழை இருந்தால் வந்து சொல்ல இந்த அவையில் இருக்கிற பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள். வணக்கம்.