பந்திக்கு முந்தியவர்கள் கேட்ட பேச்சுகள்

(ஸ்காபரோவில் மூத்தோர் ஒன்றுகூடல் ஒன்றில் பேசியது. மேடையில் வாய்தவறி வந்த ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் பேசியபடியே.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! போன வருஷமும் தலைவராக இருந்து, எங்கள் வற்புறுத்தலுக்காக இந்த வருஷமும் இருக்கும் உங்களுக்கு முதல் வணக்கம். காப்பாளர் ஐயா அவர்களே, செயலாளர் தங்கச்சி, பொருளாளர் தம்பி, மார்க்கம் நகரிலிருந்து இந்தப் பனியிலும் காரோட்டி வந்திருக்கும் பழைய மாணவர் சங்கத்தினரே, முன்வரிசையில் இருக்கும் வைத்தியர் ஐயா, உங்களைக் கண்டதும் எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கிவிட்டது. மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த அன்பர், தமிழ் வாழ்த்துப் பாடிய பிள்ளைகள், அவர்களைப் பழக்கிய ஆசிரியை, சமையற்கட்டில் நிற்பதால் இந்தப் பேச்சிலிருந்து தப்பித்துக்கொண்ட சகோதரிகள், எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் இடையில் சொல்லுவேன். குறை நினைக்க வேண்டாம்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கே பேசினாலும் இந்தப் பழமொழியை இழுத்து வந்துவிடுகிறேன் என்று என் மனைவி குறைப்படுவாள். அதோ, இப்போதும் சிரிக்கிறாள். ஆனால் இன்றைக்கு நான் எடுத்திருப்பது பந்தி போட்டுப் பேச்சுக் கேட்ட மனிதர்களின் கதை. அதனால் பழமொழிக்கு இங்கே முழு உரிமை உண்டு.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். கனடாவின் மதியபோசனச் சங்கங்கள் எப்படித் தொடங்கின என்பது ஒன்று. அங்கே யார் யார் வந்து பேசினார்கள் என்பது இரண்டாவது. அந்தப் பேச்சுகளால் இந்த நாட்டின் சட்டம் ஏதாவது அசைந்ததா என்பது மூன்றாவது.

ரொறன்ரோ டவுன்ரவுனில் யூனியன் நிலையத்துக்கு எதிரே றோயல் யோர்க் ஹோட்டல் நிற்கிறதே, நம்மில் பலர் வந்த புதிதில் அண்ணாந்து பார்த்த கட்டடம், நம்மில் சிலர் உள்ளே கோப்பை கழுவிய கட்டடம். அதன் பெரிய மண்டபங்களில் இந்த விருந்துகள் பல பத்தாண்டுகளாக நடந்திருக்கின்றன. ஆனால் சங்கம் ஹோட்டலை விட மூத்தது. 1892 இல் ஹமில்ரனில் சார்ள்ஸ் மக்கலோ என்பவர் முதல் கனேடியன் கிளப்பைத் தொடங்கினார். கனடாக்காரருக்குத் தங்கள் நாட்டின் மேலே பற்று வளரவேண்டும் என்பது நோக்கம். 1897 இல் ரொறன்ரோவுக்கு வந்தது. அப்புறம் ஊருக்கு ஊர் முளைத்தது. பெண்களை உள்ளே விடவில்லை, அவர்கள் தங்களுக்கென்று தனியாகச் சங்கம் வைத்தார்கள்.

1903 இல் ரொறன்ரோவில் இன்னொன்று பிறந்தது, எம்பயர் கிளப். அந்த வருஷந்தான் அலாஸ்கா எல்லை வழக்கில், அதாவது கனடாவுக்கும் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் எல்லை எது என்ற வழக்கில், தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் நீதிபதி அல்வெர்ஸ்ரன் பிரபு அமெரிக்கர் பக்கம் வாக்களித்துவிட்டார். கனடாவில் பிரித்தானியா மேலே கடுங்கோபம். இப்படியே போனால் தாய்நாட்டு உறவு அறுந்துவிடும் என்று கவலைப்பட்டவர்கள் கூடித் தொடங்கிய சங்கம் அது. பெயரிலேயே சாம்ராச்சியத்தை வைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்தப் பெயர்தான்.

நடைமுறை எளிது. மத்தியானம் கூடுவார்கள். சாப்பிடுவார்கள். தலைமை மேசையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எழுப்பி அறிமுகம் செய்வார்கள். நாம் மட்டுந்தான் இதில் நேரம் செலவழிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம்! பிறகு ஒருவர் பேசுவார், ஒருவர் நன்றி சொல்லுவார், எல்லோரும் கந்தோருக்குத் திரும்புவார்கள். செவிக்குணவு இல்லாதபோதுதான் வயிற்றுக்குச் சிறிது ஈயப்படும் என்றார் வள்ளுவர். இவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். பந்திக்கு முந்தி வந்தவனைக் கதிரையிலேயே பிடித்து வைத்துப் பேச்சையும் கேட்கப் பண்ணினார்கள். வள்ளுவர் கோபித்திருக்க மாட்டார். பசித்தவன் பேச்சாளரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பான்.

சரி, யார் பேசினார்கள்? எம்பயர் கிளப்பின் பட்டியலில் வின்ஸ்ரன் சேர்ச்சில் இருக்கிறார், இந்திரா காந்தி இருக்கிறார், தலாய் லாமா இருக்கிறார், நடிகை ஓட்ரி ஹெப்பர்ன் இருக்கிறார். பிரதமர்களை எண்ணத் தேவையில்லை, அவர்கள் கூப்பிடாமலே வருவார்கள்.

ஒட்டாவா கனேடியன் கிளப்பில் 1904 ஜனவரி 18 அன்று பிரதமர் வில்பிரிட் லோரியே பேசினார். போன நூற்றாண்டு அமெரிக்காவினுடையது, இந்த இருபதாம் நூற்றாண்டை நிரப்பப்போவது கனடா என்ற கருத்தில் சொன்னார். ஊரில் அது "இருபதாம் நூற்றாண்டு கனடாவுக்கே சொந்தம்" என்று உருமாறித் திரிகிறது. அவர் சொன்னதற்கும் ஊர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கு ஒருவர் எடுத்துப் பார்க்கலாம். எப்படி? எழுதி வைத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

1907 அக்டோபரில் ரட்யார்ட் கிப்ளிங் கனடா முழுக்கச் சுற்றி, ஊர் ஊராகக் கனேடியன் கிளப்களில் பேசினார். பம்பாயில் பிறந்தவர், சாம்ராச்சியத்தின் செல்லப்பிள்ளை. அதற்கு முந்தின மாதந்தான் வன்கூவரில் வெள்ளைக் கும்பல் ஒன்று சீனர், ஜப்பானியர் வாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்து கடை கண்ணாடிகளை நொறுக்கியிருந்தது. கிப்ளிங் சொன்ன மருந்து, பிரித்தானியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து நாட்டை நிரப்புங்கள் என்பது. கைதட்டலுக்குக் குறைவிருந்திருக்காது.

இப்போதுதான் கவனிக்கிறேன், நகரசபை உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பின்னால் நிற்கிறார். வாருங்கள், வாருங்கள். தம்பி, அவருக்கு ஒரு கதிரை. இல்லையில்லை, முன்னுக்கு. உங்கள் வருகைக்கு எங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி. எங்கள் பக்கத்துத் தரிப்பிடப் பனியை அள்ளுவது பற்றிப் பிறகு கதைப்போம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த பேச்சு இனித்தான். 1912 ஜனவரி 25. எம்பயர் கிளப், ரொறன்ரோ. பேச எழுந்தவர் வைத்தியர் சுந்தர் சிங். தலைப்பு, கனடாவில் சீக்கியர். யோசித்துப் பாருங்கள், சாம்ராச்சியத்தைக் கட்டிக்காக்க என்று தொடங்கிய சங்கம், எதிரே கோட்டுப் போட்ட வெள்ளைக்கார வியாபாரிகளும் வக்கீல்களும், நடுவில் இவர்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. விக்ரோரியா மகாராணியின் விழாவுக்குப் போன சீக்கியப் படையினர் கனடா வழியாக வந்ததையும், நல்ல நாடு என்று ஊரில் போய்ச் சொன்னதையும், அதைக் கேட்டு ஆட்கள் வந்ததையும் சொல்கிறார். இவர்கள் உங்கள் அரசருக்காகச் சண்டையிட்டவர்கள், பதக்கம் வாங்கியவர்கள் என்கிறார். பிறகு விஷயத்துக்கு வருகிறார். இவர்களின் மனைவி மக்களை ஏன் வரவிடுகிறீர்கள் இல்லை?

பின்னணி தெரிந்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும். 1908 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். சொந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காமல் நேரே பயணம் செய்து வருபவருக்கே அனுமதி. அதில் இந்தியா என்ற பெயரே கிடையாது. ஆனால் கல்கத்தாவிலிருந்து நேரே வர வழியில்லாதபடி பயணச்சீட்டு விற்பனையை நிறுத்தவைத்துவிட்டார்கள். கையில் 200 டொலரும் காட்டவேண்டும். சுந்தர் சிங் பேசிய அதே மாதம், வன்கூவரில் இரண்டு சீக்கியப் பெண்கள் கணவன்மாரோடு வந்து இறங்கி, திருப்பி அனுப்பப்படும் நிலையில் இருந்தார்கள். பிறகு சலுகை என்று சொல்லி உள்ளே விட்டார்கள். உரிமை என்று அல்ல.

சாம்ராச்சியம் என்பது உண்மையானால் நாங்களும் அதன் குடிகள்தானே என்பதுதான் அவருடைய வாதம். அவர்களுடைய மேடையில், அவர்களுடைய கொள்கையை எடுத்து, அவர்களிடமே நியாயம் கேட்டார். படைக்குப் பிந்து என்று பழமொழி சொன்னால் சொல்லட்டும், இந்த மனிதர் பந்தியில் இருந்தபடியே படைக்கு முந்தினார்!

இரண்டு வருஷம் கழித்து, 1914 மே மாதம், கொமகாட்டா மாரு என்ற கப்பல் இந்தியாவைச் சேர்ந்த 376 பேரோடு வன்கூவர் துறைக்கு வந்தது. இரண்டு மாதம் தண்ணீரில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016 இல். நம்மவர்களும் கடல்வழியாக வந்தவர்கள்தான். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அந்த 155 பேரில் ஒருவராவது மேடையில் சொன்ன கதை எங்கேயாவது முழுசாக எழுத்தில் இருக்கிறதா? உங்கள் வீட்டில்? என் வீட்டில் இல்லை.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கம், எங்கள் ஊர் வாசிகசாலை ஆண்டுவிழா. சிறப்புப் பேச்சாளர் ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வெள்ளை வேட்டி, சால்வை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தலைப்பு, சிலப்பதிகாரத்தில் நீதி. பத்தரைக்குத் தொடங்கினார். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குத்தான் கோவலனுக்குக் கலியாணம் முடிந்தது. ஒரு மணிக்கும் அவர்கள் புகாரை விட்டுக் கிளம்பவில்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசம் வருகிறது. பின்வரிசைப் பொடியன்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள், பந்திக்கு முந்து என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தலைவர் துண்டு எழுதி அனுப்பினார். ஆசிரியர் அதை வாங்கி, யாரோ கேள்வி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, "நல்லது, இறுதியில் பதில் சொல்கிறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் அகப்பையோடு மேடையில் ஏறிவிட்டார். ஒலிவாங்கிக்குக் கிட்டப் போய்ச் சொன்னார்: "ஐயா, கோவலன் மதுரைக்குப் போகட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் சாம்பார் அடிப்பிடிக்குது!" கொட்டகை அதிர்ந்தது. ஆசிரியர் அசையவில்லை. "கண்ணகி மதுரையை எரித்தாள், நீ சாம்பாரை எரிக்கிறாய். அவளுக்காவது காரணம் இருந்தது" என்றார். அப்புறம், "இதோ முடிக்கிறேன்" என்று சொல்லி இன்னும் அரை மணித்தியாலம் பேசினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் ஊர்க்காரர் எந்த நாட்டில் கலியாண வீட்டில் சந்தித்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில் பாண்டியன் ஏன் இறந்தான் என்பதற்கு அவர் ஒரு விளக்கம் சொன்னாராம். அப்படி ஒருவரும் சொன்னதில்லை என்று என் தகப்பனார் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தார். என்ன விளக்கம்? தெரியாது. நான் பந்தியில் இருந்தேன். கேட்டவர்கள் போய்விட்டார்கள். சாம்பார்தான் மிஞ்சியது.

சுந்தர் சிங்குக்கு ஒருவர் சுருக்கெழுத்து எடுத்தார். ஆண்டுத் தொகுதியில் அச்சிட்டார்கள். இப்போது இணையத்தில் இருக்கிறது, உங்கள் பேரப்பிள்ளை கைபேசியில் வாசிக்கலாம். அவர் பேசியதால் சட்டம் உடனே மாறவில்லை, மனைவி மக்களுக்கு வழி திறக்க 1919 வரை போனது. ஆனால் என்ன கேட்டார் என்பது அழியவில்லை. அழிவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1981 இல் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் போயின. அது பிறர் வைத்த தீ. இங்கே, ஒருவரும் தீ வைக்காமலே, நம்முடைய பேச்சு வாரத்துக்கு வாரம் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொருவரைச் சொல்லாமல் விடமுடியாது. வலங்கைமானில் பிறந்த தமிழர், வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1922 இல் இந்திய அரசின் தூதராக அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போனார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறிய இந்தியருக்கு வாக்குரிமை கேட்டார். அவருடைய ஆங்கிலத்தைப் புகழ்ந்தார்கள், வாக்கைக் கொடுக்கவில்லை. அவர் காலமானது 1946 ஏப்ரலில். வாக்குரிமை வந்தது 1947 ஏப்ரலில். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

செயலாளர் தங்கச்சி கையைக் காட்டுகிறார். மூன்றாவது விஷயத்தில் பாதிதான் சொன்னேன், மீதி அடுத்த முறை. என் கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் பேஸ்மென்ரில் பழைய கசெற்றுகள் இருக்கின்றன. கோயில் பிரசங்கம், பாராட்டு விழா, பட்டிமன்றம், அஞ்சலிக் கூட்டம் எதுவானாலும் பரவாயில்லை. கொண்டுவந்து தாருங்கள். பதிவு செய்ய இரண்டு பிள்ளைகள் முன்வந்திருக்கிறார்கள். கேட்டுத் தட்டச்சுச் செய்யத்தான் ஆள் போதவில்லை. ஓய்வாக இருக்கும் ஆசிரியர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், ஒளிய வேண்டாம். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். கசெற்றின் மேலே பேசியவர் பெயரையும், எந்த ஊர், எந்த விழா என்பதையும் தெரிந்தவரை எழுதி ஒட்டுங்கள். கொண்டுவருமுன் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், பழைய நாடா சிக்கி அறுந்துவிடும். நன்றி, வணக்கம்.